டொமைனில் சேரும் கணினி கேட்பது யாருடைய கடவுச்சொல்?

ஓர் அலுவலகத்தின் கணினிகளையும் ஊழியர்களின் கணக்குகளையும் ஒரே பதிவேட்டில் வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடுதான் டொமைன். விண்டோஸ் கணினிகளுக்கு இதைச் செய்துதருவது, 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 சர்வருடன் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி. சென்னையை அடுத்த இரும்புலியூரில் நான்கைந்து கணினிகளோடு நடக்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு இது தேவைப்படாது. அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே, தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கப்பட்ட மெப்ஸ் என்ற ஏற்றுமதி மண்டல வளாகத்தில் இருப்பவை போன்ற பெரிய நிறுவனங்களின் நிலைமை வேறு. ஷிப்டு மாறும்போது ஒருவர் எழுந்த இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்து தம் பெயரில் நுழைய வேண்டும். வேலையை விட்டவரின் அனுமதி எல்லாக் கணினிகளிலும் ஒரே சமயத்தில் நீங்க வேண்டும்.

ஒரு கணினியை டொமைனில் சேர்க்க இரண்டு அனுமதிகள் வேண்டும். முதலாவது, அந்தக் கணினியின் அமைப்பை மாற்றும் உரிமை. அதாவது அதிலேயே உள்ள அட்மின் கணக்கு. இரண்டாவது, டொமைனில் புதிய கணினியைப் பதியும் உரிமை. திரையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுவது இந்த இரண்டாவதற்காக.

அந்த இடத்தில் டொமைனின் தலைமை அட்மின் கடவுச்சொல்லைத்தான் தர வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு, ஆபத்தும்கூட. உளவு மென்பொருள் புகுந்த ஒரு கணினியில் அதைத் தட்டினால் நிறுவனத்தின் மொத்தச் சாவியும் பறிபோகலாம். உண்மையில், தனியாக மாற்றி அமைக்காதவரை, சாதாரண ஊழியரின் கணக்கே பத்துக் கணினிகள் வரை சேர்க்க அனுமதி பெற்றிருக்கிறது. இதுவும் தேவைக்கு மீறிய தாராளம். அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, கணினி சேர்க்கும் உரிமையை மட்டும் கொண்ட தனிக் கணக்கொன்றை உதவிப் பிரிவினருக்குத் தருவதே சரியான வழி.

கடவுச்சொல் ஏற்கப்பட்டதும் டொமைனில் அந்தக் கணினியின் பெயரில் ஒரு கணக்கு உருவாகிறது. ஊழியரைப் போலவே கணினிக்கும் சொந்தக் கடவுச்சொல் உண்டு. அது யார் கண்ணிலும் படாமல், இயல்பாக முப்பது நாளுக்கொருமுறை தானே மாறிக்கொள்கிறது. ஒருமுறை கணினியை அணைத்து இயக்கிய பிறகு ஊழியர்கள் தங்கள் டொமைன் கணக்கில் நுழையலாம்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு தோற்பதுண்டு. பெயரைக் கொண்டு சர்வரைத் தேட உதவும் டி.என்.எஸ். முகவரி, கணினியில் நிறுவன சர்வரைக் காட்டாமல் வெளி இணைய சேவையைக் காட்டினால் டொமைன் எங்கே என்றே அதற்குத் தெரியாது. அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, இரு பக்கக் கடிகாரங்களுக்கிடையே ஐந்து நிமிட வேறுபாட்டைத்தான் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும். திரையில் மணி சரியாகத் தெரிந்தாலும் இந்திய நேரத்துக்குப் பதில் வேறு நாட்டு நேர மண்டலம் தேர்வாகியிருந்தால் சிக்கல்தான். விண்டோஸ் ஹோம் பதிப்போ டொமைனில் சேரவே சேராது. புரோ அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும்.

பழைய பேக்கப்பிலிருந்து மீட்ட கணினியிடம் அதன் சொந்தக் கணக்கின் பழைய கடவுச்சொல் இருக்கும். சர்வரிடம் புதியது இருக்கும். அப்போது இரண்டுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு முறிந்ததாக எச்சரிக்கை வரும். அதைச் சரிசெய்யவும் மேற்சொன்ன இரு அனுமதிகளும் தேவை. டொமைனிலிருந்து ஒரு கணினியை விலக்கும் முன், அதன் உள்ளூர் அட்மின் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விலகியபின் டொமைன் கணக்கு எதுவும் அந்தக் கணினியைத் திறக்காது.