கல்முனைக் கரையும் ஒரு பயிர்ப் பொருளாதாரமும்

திருக்குறளில், பரிமேலழகர் கொண்ட வைப்புமுறைப்படி, 104ஆம் அதிகாரம் உழவு. அதனை அடுத்து நிற்கும் 105ஆம் அதிகாரம் நல்குரவு. உழவின் உயர்வைப் பேசியவுடன் வறுமையின் கொடுமை பேசப்படுவது சிந்திக்கத்தக்கது. உழவு சிறந்த நாட்டிலும் வறுமை உண்டு. நெல் மிகுதியாக விளையும் ஊரிலேயே அது வேரூன்றி நிற்பதும் உண்டு. இஃது எவ்வாறு நிகழ்கின்றது, இதனை நீக்கும் வழி யாது என்பவற்றை ஈழத்தின் கிழக்குக் கரையில் கல்முனையைச் சூழ்ந்துள்ள ஊர்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பிரதேசம் ஒரே பொருளை நம்பி வாழுமாயின், அப்பொருளின் விலை வீழும்போது அங்குள்ளோர் யாவரும் ஒருங்கே வீழ்வர். அப்பொருள் நிலக்கரியாயினும் தேயிலையாயினும் நெல்லாயினும் நியதி ஒன்றே. இதற்கு மருந்தாகப் பொருளியலாளர் கூறுவது பன்முகப்படுத்தல், அஃதாவது ஒரு தொழிலுக்குப் பக்கத்தில் பல தொழில்களை வளர்த்தல். ஆனால் தொழில்களின் தொகையை மட்டும் எண்ணுதல் போதாது. ஒரு மரத்திற்குக் கிளைகள் பத்து இருப்பினும் வேர் ஒன்றேயாயின், அவ்வேர் அழுகும் நாளில் பத்துக் கிளைகளும் பட்டுவிடும். ஆதலின் நாம் எண்ண வேண்டியது கிளைகளையன்று, வேர்களையே என்பது இக்கட்டுரையின் துணிபு.

வடக்கே பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என ஊருக்கு ஊர் தொடர்ந்து தெற்கே அக்கரைப்பற்று வரை செல்லும் கரை இது. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வட்டைகள், இடையே ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்தில் நெருக்கமாகக் குடியிருப்புகள். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இக்கரை, 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ ஆறரை இலட்சம். அவருள் நூற்றுக்கு 43 பேர் முஸ்லிம்கள், 39 பேர் சிங்களவர், 17 பேர் தமிழர்.

பண்டு இங்கே வேளாண்மை, வடகீழ்ப் பருவ மழையையும் பழைய குளங்களையும் நம்பியிருந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. வாய்க்கால் நீர் எட்டிய இடங்களிற் பெரும்போகத்தோடு சிறுபோகமும் விளைந்தது. ஆயினும் நீர் பெருகியது போல நிலம் பெருகவில்லை. புதிதாகத் திருத்திய நிலங்களிற் பெரும்பகுதி மேற்பகுதிக் குடியேற்றங்களுக்குச் சென்றது. கரையோர ஊர்களில் இருந்த வயலோ தலைமுறைதோறும் துண்டுபட்டது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகையாளருக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. ஆனால் குத்தகைக்கும் வழியற்ற கூலியாளருக்கு அதனாற் பயனில்லை. 1983 முதல் 2009 வரை நடந்த போரின் காலத்தில், மேற்கேயுள்ள தம் வயலுக்குச் செல்ல அஞ்சிப் பலர் அதனைக் கைவிட நேர்ந்தது. அண்மைக் காலத்தில் அறுவடை இயந்திரங்கள் வந்தபின், அரிவாளெடுத்து வெட்டிச் சூடு மிதித்துப் பெற்ற கூலியும் அருகிவிட்டது. எனவே, நெல் விளைச்சல் உயர்ந்தாலும் காணியற்றவன் அடுப்பு அதனோடு சேர்ந்து எரிவதில்லை.

இக்கரையில் வேறு தொழில்கள் இல்லையோ எனின், உண்டு. சாய்ந்தமருதிலும் பிற ஊர்களிலும் கரைவலையும் தோணியும் கொண்டு மீன்பிடிப்போர் பலர். மருதமுனையின் கைத்தறிச் சாரமும் சேலையும் நாடெங்கும் பெயர்பெற்றவை. கல்முனைக் கடைத்தெரு அயலூர் யாவற்றுக்கும் வாணிக மையம். மேலோட்டமாகப் பார்ப்பவர், இங்கே பன்முகத்தன்மை நிறைந்திருக்கின்றது என்றே கூறுவர். ஆனால் வேரைத் தோண்டிப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும். போடியார் வீட்டில் நெல் ஏறினாற்றான் கடைக்காரனின் பற்று வரவு தீரும், திருமணம் நிகழும், புடைவை விற்கும், மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பும் நெசவாளனும் மீனவனும் வணிகனும் வயலில் இறங்காதவரெனினும், அவர் கைக்கு வரும் பணம் பெரும்பாலும் வயலிலிருந்தே வருகின்றது.

இவ்வேரொற்றுமை 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெட்டவெளிச்சமாயிற்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும், அடுத்த பெரும்போக விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து அந்நியச் செலாவணி வற்றி, ரூபாயின் மதிப்புச் சரிந்தது. சிறு படகின் இயந்திரத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெய் முதலிற் கிடையாதொழிந்தது. பின்னர், 2022 ஆகத்தில், அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. தறிக்கு வேண்டிய நூலும் சாயமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவன. அவற்றின் விலையும் ஏறியது. வயல், கடல், தறி என்னும் மூன்றும் மூன்று தொழில்களாகத் தோன்றினும், உரம், எண்ணெய், நூல் என்னும் இறக்குமதிப் பொருள்களின் வழியே ஒரே நூலிற் கட்டுண்டிருந்தன. அந்நூல் அறுந்தபோது மூன்றும் ஒருங்கே தளர்ந்தன.

பெரிய ஆலையொன்றோ துறைமுகமொன்றோ அமைத்தால் இக்குறை தீராதோ என்பார் உளர். அவ்வழியும் இம்மாவட்டத்தில் முயலப்பட்டதே. ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை 1960ஆம் ஆண்டளவில் தொடங்கி, 1997இல் மூடப்பட்டு, ஏறத்தாழ 15 ஆண்டுகளின் பின்னரே மீண்டும் இயங்கலாயிற்று. இடைக்காலத்தில் கரும்பை நம்பியோர் நிலை நெல்லை நம்பியோர் நிலையினும் இரங்கத்தக்கதாயிற்று. ஒலுவிற் றுறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. கப்பல் வாணிகம் அங்கே தழைக்கவில்லை. துறைமுக வாயிலை மணல் மூடியது. அயற்கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோட்டங்களையும் தோணி இழுக்கும் கரையையும் விழுங்கியது. புதிய தொழிலைக் கொணரும் முயற்சி, இருந்த தொழிலின் நிலைக்களனையே பறிப்பதாகவும் முடியலாம் என்பதற்கு இது சான்று.

இத்தகைய அனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. நிலக்கரியையே உயிர்நாடியாகக் கொண்டிருந்த யேர்மனியின் ரூர்ப் பிரதேசத்தை ஈண்டு நோக்கலாம். 1957இல் மேற்கு யேர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் வேலை செய்தனர். அவருட் பெரும்பாலோர் ரூர்ப் பகுதியினர். 1958 முதல் மலிவான எண்ணெயும் வெளிநாட்டுக் கரியும் வந்து போட்டியிட, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடத்தொடங்கின. பொகும் நகரில் 1962இல் ஓப்பல் மோட்டார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டுப் பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்தது. 2014இல் அதுவும் மூடப்பட்டது. கரிக்குப் பதிலாக மோட்டாரை நம்புதல், ஒரு வேரை விட்டு மற்றொரு வேரைப் பற்றுதலேயாயிற்று. ஆனால் அதே நகரில் 1965இற் கற்பித்தலைத் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்றும் நிற்கின்றது. 2018 திசம்பரிற் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டபோது, அப்பிரதேசத்தார் கல்வி, மருத்துவம், வாணிகம் எனப் பல துறைகளிற் பரவியிருந்தனர். அம்மாற்றத்துக்கு 60 ஆண்டுகள் சென்றன என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி, கல்முனைக் கரைக்கு ஏற்புடைய வழிகளை ஆராய்வோம். முதலாவது, நெல்லைக் கைவிடாது அதன் பயனை ஊரிலே நிறுத்துதல். அறுவடை நாளிற் காயவைக்கக் களமும் சேமிக்கக் களஞ்சியமும் இன்மையால், விவசாயி ஈர நெல்லை வந்த விலைக்கு விற்கின்றான். அந்நெல்லிற் பெரும்பகுதி பிற மாவட்டத்துப் பெரிய ஆலைகளுக்குச் செல்கின்றது. நெல்லோடு குற்றுக்கூலியும் தவிடும் உமியும் அவற்றால் வரும் வேலையும் வெளியேறிவிடுகின்றன. களமும் களஞ்சியமும் சிறு ஆலையும் கூட்டுறவாக அமையுமாயின், காணியற்றோர்க்கும் ஆண்டு முழுவதும் வேலை உண்டாகும். கூட்டுறவு இங்கே வேர்கொள்ளாது என்பார்க்கு 1980களிற் கல்லோயா இடதுகரையில் நிகழ்ந்ததே விடை. கமக்காரர் குழுக்கள் அமைந்தபின், மேல்வாய்க்காற் சிங்கள விவசாயிகள் கடைக்கோடித் தமிழ்பேசும் விவசாயிகளுக்கும் நீர் செல்ல விட்டுக்கொடுத்தனர். இஃது உலகெங்கும் நீர்ப்பாசன அறிஞரால் எடுத்துக்காட்டப்படுவதாகும்.

இரண்டாவது, காலத்தாலும் காரணத்தாலும் வேறுபட்ட தொழில்களை இணைத்தல். இக்கரையிற் பெரும்போக வேலை ஐப்பசியில் தொடங்கிப் பங்குனியளவில் முடியும். மாரியிற் கொந்தளிக்கும் கடலோ, வயல் ஓய்ந்தபின் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை அமைதியாயிருக்கும். பனிக்கட்டிச் சாலையும் துப்புரவான கருவாட்டுக் களமும் இருப்பின், ஒரு பருவத்து மீன் மறு பருவத்துக்கும் உதவும். தெற்கே பொத்துவில் அறுகங்குடாவில் அலைச்சறுக்கு விளையாட்டிற்காக வெளிநாட்டார் வருவதும் அம்மாதங்களிலேயே. 2019 ஏப்பிரிற் குண்டுவெடிப்புகளின் பின்னும் 2020இன் கொள்ளைநோய்க் காலத்தும் அவ்வருவாய் வீழ்ந்தது, வயல் விளைந்தது. ரூபாய் சரியும்போது உரமும் எண்ணெயும் விலையேறும். வெளிநாட்டார் தரும் பணமோ பெருகும். ஒன்று தாழ மற்றொன்று தாங்கும் இத்தகைய இணைப்பே உண்மையான பன்முகப்படுத்தல்.

மூன்றாவது, தறி. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது மலிவான வெளிநாட்டுத் துணிக்கு எதிர்நிற்கவியலாது நாடெங்கும் பல தறிகள் ஓய்ந்தன. விலையில் ஆலைத்துணியை வெல்லல் கைத்தறிக்கு இயலாது. கைவேலைக்கே உரிய கோலத்தாலும் நயத்தாலும் மட்டுமே அது வாழ முடியும். அவ்வகைத் துணியை அறுவடைச் சந்தைக்கு அப்பால், கொழும்பிலும் வெளிநாட்டிலும் விற்றாற்றான் மருதமுனைத் தறி வயலின் வேரினின்று விடுபடும். இங்கே கருதத்தக்க சமூக வழக்கொன்றுண்டு. இக்கரையின் முஸ்லிம்களும் தமிழரும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் முடிப்பர். 1970களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்கில் உழைத்தவர் அனுப்பிய பணத்திற் பெரும்பங்கு இவ்வாறு சுவராகவும் கூரையாகவும் மாறியது. அப்பணம் தொழிலிற் செல்லவில்லையே என்று குறைகூறுவர் சிலர். ஆயின் அவ்வீடு பெண்ணின் உடைமை. தறியோ தையற்பொறியோ நிறுத்துவதற்கு அவளிடம் சொந்த நிலையம் உண்டு. இல்லாதன முதலும் பயிற்சியும் சந்தையுமே.

அம்முதலுக்கும் ஊரிலேயே ஓர் ஊற்று உளது. இசுலாமிய நெறிப்படி, அளவுக்கு மேற்பட்ட விளைச்சலில், வானம்பார்த்த நிலத்துக்குப் பத்திலொன்றும் செலவுசெய்து நீர் பாய்ச்சிய நிலத்துக்கு இருபதிலொன்றும் சக்காத்தாகக் கொடுக்கப்படல் வேண்டும். இந்நெல் ஆண்டுதோறும் சிறு பங்குகளாகச் சிதறாமல், ஒரு குடும்பத்துக்குத் தறியாகவும் மற்றொன்றுக்கு வலையாகவும் அமையுமாயின், பெற்றவர் மறுமுறை பெறவேண்டாத நிலையை எய்துவர். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிரிழப்பு, 10,000க்கும் மேலாக, இம்மாவட்டத்திலேயே நேர்ந்தது. அலை அன்று வலையையும் தோணியையும் தறியையும் கொண்டுபோயிற்று. மக்கள் கற்ற கல்வியையும் கைத்திறனையும் கொண்டுபோக அதனால் இயலவில்லை.

எனவே நான்காவதும் தலையாயதுமான வேர் கல்வியே எனலாம். 1995இல் தொடங்கப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ரூர்ப் பிரதேசத்துக்குப் பொகும் பல்கலைக்கழகம் போல, இக்கரைக்கு அமைந்துள்ளது. ஆயின் பட்டம் பெற்றோர் யாவரும் அரசாங்க உத்தியோகம் ஒன்றையே எதிர்நோக்குவராயின், அதுவும் மற்றொரு பயிரை மட்டும் நம்புதலேயாகும். நெல்லின் ஈரத்தை அளக்கவும், சாயத்தின் கலவையைத் தேரவும், கரையரிப்பை முன்கூட்டியே கணிக்கவும், கணக்கும் ஒப்பந்தமும் எழுதவும் அறிந்த இளைஞர் வயலுக்கும் தறிக்கும் கடலுக்கும் அருகே வந்து நிற்றல் வேண்டும். வருங்காலத்தில் ஒரு போகம் பொய்க்கும்போது இவ்வூர்களில் எத்தனை வீட்டு அடுப்பு அணையாது எரிகின்றதோ, அத்தொகையே இம்முயற்சிகளின் பயனை அளக்கும் கோலாகும்.