அம்மா செத்துப்போனதை அவனிடமும் சொல்லுங்கள்

தேனி மாவட்டம் கூடலூரில் இருந்து விடியும் முன்பே ஜீப் ஏறி, குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு தாய் இறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள அவளுடைய மகனை, பிணம் எடுக்கும் வரை அத்தை வீட்டில் உட்கார வைப்பார்கள். கேட்டால், "அம்மா வேலைக்குப் போயிருக்கா, வந்துருவா" என்பார்கள். அவன் சாயங்காலம் ஜீப் வரும் இடத்தில் போய் நிற்பான். சில நாள் கழித்துச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டால், "கிறுக்கு முத்திப்போச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

கிறுக்கு எதுவும் முற்றவில்லை. அது துக்கம். "அவனுக்கு என்ன தெரியும்" என்ற பேச்சை முதலில் விடுங்கள்.

"அம்மா செத்துப்போச்சு. இனி மூச்சு விடாது, எந்திரிக்காது, திரும்பி வராது." இப்படித்தான் சொல்ல வேண்டும். தூங்குகிறாள் என்றால் தூங்கப் பயப்படுவான். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால் காத்துக்கொண்டே இருப்பான். பத்துத் தடவை கேட்டாலும் அதே பதிலைச் சொல்லுங்கள். முகம் பார்க்கவும் வாய்க்கரிசி போடவும் விடுங்கள், மறுத்தால் இழுக்காதீர்கள். சாப்பாட்டு நேரம், படுக்கும் இடம் எதையும் உடனே மாற்றாதீர்கள். அண்ணன் வீட்டில் ஒரு மாதம், அக்கா வீட்டில் ஒரு மாதம் என்று பந்தாடுவது இரண்டாவது சாவு. சாப்பாடும் தூக்கமும் கெட்டுக்கொண்டே போனால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் இலவசமாகக் கேட்கலாம்.

அடுத்தது சொத்து. கருமாதி முடிந்ததும் வாரிசுச் சான்றுக்கு எழுதிப்போடுவார்கள். அதில் இவன் பெயர் மட்டும் காணாமல் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 28ஆம் பிரிவின்படி, குறைபாட்டைக் காரணம் காட்டி யாருடைய பங்கையும் மறுக்க முடியாது. பெயர் விடுபட்டால் உத்தமபாளையம் வட்டாட்சியரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். சான்று வழங்கிவிட்டார்கள் என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அவன் கைநாட்டை வாங்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், வாங்காதீர்கள். தேனி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வக்கீல் இலவசம்.

இந்த அலைச்சலில் பாதி, பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே காப்பாளரை நியமிக்க ஒரு மனு போடாததால் வருவது. பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்ற தாய்கூடச் சட்டப்படி காப்பாளர் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. நியமிப்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு. தேனி ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், படிவம் 'ஏ' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், வயதுச் சான்று, காப்பாளராக இருக்கப்போகிறவரின் ஒப்புதல் எல்லாம் கையில் இருக்கட்டும். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். மனு பெற்றதற்கான ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

அப்பா அரசு ஓய்வூதியர் என்றால், ஓய்வூதிய ஆணையில் பிள்ளையின் பெயரை இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் மாத உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கில் தாயின் பெயரும் இருந்தால், அதை மாற்ற இறப்புச் சான்றும் காப்பாளர் ஆணையும் கேட்கலாம்.

காப்பாளராக வருகிறவர் சும்மா கையெழுத்துப் போடும் ஆளும் அல்ல. நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கு இரண்டையும் அவர் குழுவுக்குக் கொடுத்தாக வேண்டும். சொத்தைச் சுருட்டினாலோ பிள்ளையைப் பட்டினி போட்டாலோ, உறவினர் யாரும் அதே குழுவில் மனு கொடுத்து அவரை நீக்கச் சொல்லலாம்.