நெரிசலில் அணு: யாருடைய எலக்ட்ரான்?

ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்படப் பட்டறை. உருகிய இரும்பைக் கரண்டியில் மொண்டு செப்பு அச்சில் ஊற்றுகிறார்கள். வில்லையாக உறைந்த துண்டின் முகத்தைத் தேய்த்து, ஆர்கான் ஓடும் கருவியில் வைத்தால் படபடவெனப் பொறி. சற்று நேரத்தில் கார்பன், சிலிக்கான், மாங்கனீசு சதவீதம் திரையில் வந்துவிடும். பட்டறையில் இதற்குப் பெயர் ‘ஸ்பெக்ட்ரோ’. அந்தப் பொறி, பிளாஸ்மா: எலக்ட்ரான்கள் பிரிந்த வாயு.

பிரான்ஸின் ‘செயற்கைச் சூரிய’னும் இதுதானா என்று வாசகர் கடிதங்கள் கேட்கின்றன. அங்கே கட்டப்படும் அந்த ஐட்டர் அணுக்கரு இணைவு உலையில் முதல் பிளாஸ்மாவுக்கு வைத்த 2025 கெடு பொய்த்து, ஆய்வுப் பணி 2034-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

‘செயற்கைச் சூரியன்’ விளம்பரப் பெயர். ஐட்டர் பிளாஸ்மா, காற்றைவிட லட்சம் மடங்குக்கும் மேல் நலிந்தது. சூரிய மையத்திலோ ஒரு லிட்டர் இடத்தில் சுமார் 150 கிலோ, வெப்பம் 1.5 கோடி டிகிரி.

சிக்கல் அங்கேதான். இயற்பியலாளர் மேகநாத் சாஹாவின் 1920-ம் ஆண்டுச் சமன்பாட்டின்படி, சூடு ஏறினால் அணு எலக்ட்ரானை இழக்கும். அடர்த்தி ஏறினால் திரும்பப் பிடிக்கும். சூரிய மையத்துக்கு அப்படியே போட்டால், ஏறத்தாழ கால்பங்கு ஹைட்ரஜன் எலக்ட்ரானோடு முழுசாக இருப்பதாக விடை வருகிறது. அபத்தம்! அங்கே இரு அணுக்கருக்களுக்கு இடையிலுள்ள தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தைவிடக் குறைவு. ஷிப்ட் தொழிலாளர்கள் பத்துப் பேர் ஒண்டும் ஒற்றை அறையில் யார் பாய் யாருடையது? எலக்ட்ரானும் அப்படித்தான், எந்தக் கருவுக்கும் சொந்தமில்லாமல் போகிறது.

நெரிசலில் எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் செலவு எவ்வளவு குறையும்? 1963-ல் எக்கர், க்ரோல் என்ற இயற்பியலாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். 1966-ல் ஸ்டூவர்ட், பயாட் வேறொன்று. 2012-ல் ஸ்டான்ஃபோர்டு எக்ஸ்ரே லேசர் சோதனை முதல் கணக்கை ஒட்டி வந்தது. 2013-ல் பிரிட்டனின் ஓரியன் லேசர் இரண்டாவதை ஆதரித்தது. இரண்டிலும் சுட்டது அலுமினியம்தான்! வெப்பமும் அடர்த்தியும் வேறு என்பது ஒரு சமாதானம். ஓரியன், அணு ஆயுத நிறுவனத்துச் சொத்து என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அமெரிக்க லேசர் அணுக்கரு இணைவில் ‘லாபம்’ வந்ததே? 2022 டிசம்பர் 5-ல் லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், வந்தது 3.15, லேசருக்காக மின்கம்பியிலிருந்து உறிஞ்சியது சுமார் 300.

ஸ்பெக்ட்ரோவில் நெரிசல் தெரியுமா? தெரியும், பொறி ஒளியின் நிறமாலைக் கோடுகள் தடிக்கும்.

இந்தியாவில்? காந்திநகரில் எஸ்.எஸ்.டி.-1 என்ற இணைவு ஆய்வுக் கருவி, அதன் பிளாஸ்மாவும் நலிந்த வகை.

ஐட்டர் மின்சாரம் ஓசூருக்கு எப்போது? மின்சாரம் தயாரிக்க அது கட்டப்படவே இல்லை.