ஒரு கிலோவுக்கு எத்தனை டம்ளர்?

ஊரில் படி, மும்பையில் கிலோ. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் அறை எடுத்துச் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் நம்மவர்களுக்குள் மாதக் கடைசியில் வருகிற மனத்தாங்கல் பல நேரம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. "அரிசி எப்படி இதற்குள் தீர்ந்தது?" என்று ஒருவர் கேட்பார். சாமான் வாங்கிப் போட்டவருக்கு முகம் சுண்டிவிடும்.

"நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து" என்று அம்மா போனில் சொல்லிவிடுவார். மளிகைக் கடைக்காரரிடம் ஆழாக்கு ஏது? தராசுதானே இருக்கிறது!

படி பல விதம்

2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. 8 படி 1 மரக்கால். இது நம் பெரியவர்கள் சொன்ன வாய்ப்பாடு. ஆனால் பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் பாத்திரம் மாறும். குவித்து அளப்பது ஒரு கணக்கு. தலை தட்டி அளப்பது வேறு கணக்கு. ஆகவே "ஒரு படி இத்தனை கிலோ" என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல் வந்தது. 1958 அக்டோபரில் கிலோ எடைக் கற்கள் புழக்கத்துக்கு வரத் தொடங்கின. கடை மாறியது. சமையலறை மாறவில்லை.

தராசு வேண்டாம்

வீட்டில் தராசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கடையில் நிறுத்துத் தந்த 1 கிலோ அரிசியை உங்கள் டம்ளரால் தலை தட்டி அளந்து பாருங்கள். 200 மில்லி பிடிக்கும் டம்ளரானால் சுமார் 6 டம்ளர் வரும். அதாவது ஒரு டம்ளர் அரிசி ஏறக்குறைய 165 கிராம். மின்சாரக் குக்கருடன் வரும் கப் 180 மில்லி. அதில் சுமார் 150 கிராம் பிடிக்கும்.

உளுந்தும் அரிசியைப் போலத்தான். அதனால் இட்லிக்கு 4 டம்ளருக்கு 1 டம்ளர் என்றாலும், 1 கிலோவுக்கு கால் கிலோ என்றாலும் கணக்கு ஒன்றே.

எல்லாச் சாமானும் அப்படி அல்ல. பார்சல் ஆபீசில் பஞ்சு மூட்டையும் இரும்புப் பெட்டியும் ஒரே பருமனாக இருக்கும். தராசில் ஏற்றினால்தான் வித்தியாசம் தெரியும். அதே 200 மில்லி டம்ளரில் ரவை சுமார் 140 கிராம், சலித்த கோதுமை மாவு 100 முதல் 110 கிராம், தூள் உப்பு 240 கிராம் வரை பிடிக்கும். கல் உப்பு இடைவெளி விட்டு நிற்பதால் எடை குறையும். ஊறுகாய்க்கு அம்மா சொன்ன கல் உப்பு அளவில் தூள் உப்பைப் போட்டால் கரித்துவிடும்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். 1 லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். ஒரு கடையில் கிலோ விலை, இன்னொரு கடையில் லிட்டர் விலை என்றால் அப்படியே ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

ஒரு டம்ளரின் விலை

அறையில் 8 பேர். ஆளுக்குத் தினம் 2 டம்ளர் அரிசி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 டம்ளர். 30 நாளைக்கு 480 டம்ளர். ஆறால் வகுத்தால் 80 கிலோ.

"விருந்தாளி வந்தால் இருக்கட்டும்" என்று தினம் ஒரு டம்ளர் கூடப் போட்டால் மாதம் 5 கிலோ அதிகம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்ப அட்டையில் ஒரு ஆளுக்கு மாதம் முழுவதற்கும் கிடைக்கும் தானியமே 5 கிலோதான்! யாரும் திருடவில்லை; டம்ளர்தான் தின்றிருக்கிறது.

சமையலுக்கு அம்மாவின் அளவே இருக்கட்டும். வாங்குவதற்கு மட்டும் கிலோக் கணக்கு போதும். ஒவ்வொரு சாமானும் கிலோவுக்கு எத்தனை டம்ளர் என்று ஒருமுறை அளந்து, டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். அறையில் எல்லோரும் ஒரே டம்ளரைப் பயன்படுத்துங்கள். கணக்குச் சரியாக இருந்தால் கூட்டாளிகளுக்குள் மனக்கசப்பு வராது. ஊருக்கு அனுப்பும் பணத்திலும் துண்டு விழாது.