விலை குறைந்த ஸ்மார்ட் டிவி: மிச்சப்படுத்திய பணம் எங்கிருந்து வருகிறது?

"சேர், ரெண்டும் 32 இஞ்ச்தான். ரெண்டுலயும் யூடியூப் இருக்கு. ஒண்டு மற்றதின்ட அரைவாசி விலை. எதை எடுக்கிறது?"

வவுனியா மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்குப் பெருநாள் காலத்திலும் வருட இறுதித் தள்ளுபடிக் காலத்திலும் வட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் அநேகர் பெற்றோர். நெல் விற்ற காசு, சீட்டு விழுந்த காசு, கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய காசு என்று எண்ணி எண்ணிச் சேர்த்த பணத்தோடு கடைக்குப் போகிறவர்கள். "மலிவுச் சாமான் கூடாது" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அது சரியான பதிலல்ல. விலை வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் சில வாங்குபவருக்கு உண்மையான இலாபம். சில காரணங்களோ கடையில் குறைத்த பணத்தைப் பின்னொரு நாளில் நம்மிடமே வாங்கிக்கொள்பவை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது இலகு.

ஒரு டிவியின் செலவில் ஆகப் பெரிய பங்கு திரைக்குரியது. தையற்காரர் துணியை விரித்து வெட்டுவது போல, தொழிற்சாலையில் ஒரு பெரிய கண்ணாடித் தகட்டைச் செய்து அதிலிருந்துதான் திரைகளை வெட்டி எடுக்கிறார்கள். 2200 மில்லிமீற்றருக்கு 2500 மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு தகட்டிலிருந்து 32 இஞ்ச் திரைகள் 18 கிடைக்கும். 55 இஞ்ச் என்றால் 6 தான். இவ்வாறான தொழிற்சாலைகள் உலகில் மிகச் சில. இன்று அவற்றில் பெரும்பாலானவை சீனாவில் இருக்கின்றன. செம்சுங் நிறுவனம் 2022 இல் எல்.சி.டி. திரை உற்பத்தியை நிறுத்திவிட்டது. எல்.ஜி. டிஸ்பிளே குவாங்சோவில் இருந்த தனது பெரிய எல்.சி.டி. தொழிற்சாலையை 2025 இல் சீனாவின் டி.சி.எல். குழுமத்திடம் கையளித்தது. ஆகவே விலை கூடிய எல்.சி.டி. டிவியிலும் சீனத் திரை இருக்க நிறையவே வாய்ப்புண்டு. "இது சைனா, அது ஒரிஜினல்" என்ற பழைய பேச்சு இப்போது எடுபடாது.

பெயரை நம்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தோஷிபாவின் டிவி வியாபாரத்தை 2018 இல் சீனாவின் ஹைசென்ஸ் நிறுவனம் வாங்கிவிட்டது. பிலிப்ஸ் என்ற பெயரோடு பெரும்பாலான நாடுகளில் விற்கப்படும் டிவிகளைச் செய்வது டி.பி.வி. என்ற வேறொரு நிறுவனம். எமது நாட்டிலும் சிங்கர், அபான்ஸ் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுப் பெயர்களை விற்கும் அதே கடைகளில் தமது சொந்தப் பெயரிலும் டிவி விற்கின்றன. உலகெங்கும் விளம்பரம் செய்யவும், ஆராய்ச்சிக்கூடம் நடத்தவும், கிரிக்கெட் போட்டிக்கு அனுசரணை கொடுக்கவும் ஆகும் செலவு இப்படியான பெயர்களின் விலையில் ஏறுவதில்லை. இந்த வகையில் குறையும் பணம் நேர்மையான மிச்சம். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அடுத்த வகைக் குறைப்பு பெட்டிக்குள் நடக்கிறது. 32 இஞ்ச் மலிவு டிவிகளில் பெரும்பாலும் "எச்.டி. ரெடி" திரைதான் இருக்கும். 1366 பெருக்கல் 768, அதாவது சுமார் பத்தரை இலட்சம் புள்ளிகள். முழு எச்.டி. என்றால் ஏறத்தாழ 21 இலட்சம். 4கே என்றால் 83 இலட்சம். பெட்டியில் "4கே சப்போர்ட்" என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் நின்று யோசியுங்கள். 4கே வீடியோவை உள்வாங்கி, தன்னிடமுள்ள குறைந்த புள்ளிகளுக்கு ஏற்பச் சுருக்கிக் காட்டும் என்பதுதான் பல வேளைகளில் அதன் பொருள். அது பொய்யல்ல. ஆனால் வாங்குபவர் விளங்கிக்கொள்வது வேறு. பத்தடி தள்ளியிருந்து செய்தியும் நாடகமும் பார்க்கும் வீட்டுக்கு 32 இஞ்ச்சில் எச்.டி. ரெடியே போதும் என்பது என் அபிப்பிராயம். 43 இஞ்ச்சுக்கு மேல் போகிறவர் மட்டும் புள்ளிக் கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

புள்ளிகளைவிட முக்கியமாக நான் கருதுவது பின்னொளியை. எல்.சி.டி. திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் வரிசையாகப் பொருத்திய எல்.ஈ.டி. விளக்குகள்தான் வெளிச்சம் கொடுக்கின்றன. செலவைக் குறைக்க விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். பிறகு அதே வெளிச்சத்தைப் பெற ஒவ்வொரு விளக்கின் ஊடாகவும் கூடிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். கூடிய மின்னோட்டம் கூடிய சூட்டைத் தரும், சூடு விளக்கின் ஆயுளைக் குறைக்கும். தரம் 11 மாணவனுக்கும் விளங்கும் விஷயம் இது. இந்த விளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று செத்தாலும் அந்த வரிசை முழுதும் இருண்டுவிடும்.

எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவரின் வீட்டு டிவிக்கு நடந்தது அதுதான். உத்தரவாதம் முடிந்து சில மாதங்களில் சத்தம் வருகிறது, படம் இல்லை. புது டிவி வாங்கத் தயாராகிவிட்டார்கள். அறையை இருட்டாக்கி, டிவியைப் போட்டுவிட்டு, டோர்ச் வெளிச்சத்தைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தது. அப்படித் தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது, பின்னொளிதான் போயிருக்கிறது என்று பொருள். அந்த எல்.ஈ.டி. பட்டிகளை மாற்றுவது புது டிவியின் விலையோடு ஒப்பிடும்போது சிறிய செலவு. மாறாக, திரை வெடித்துவிட்டால் திருத்துவதில் பயனில்லை. மலிவு டிவி வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடிய ஒரு காரியமும் உண்டு. கடையில் பளிச்சென்று தெரிவதற்காக 100 இல் வைத்திருக்கும் பின்னொளியை 60 அளவுக்குக் குறைத்துவிடுங்கள். ஆயுள் கூடும், மின்பட்டியலும் சற்றுக் குறையும்.

இனி "ஸ்மார்ட்" என்ற பகுதி. டிவிக்குள் இருப்பது ஒரு சின்னக் கணினி. மலிவு டிவிகளில் 1 ஜிபி நினைவகமும் 8 ஜிபி சேமிப்பிடமும் சாதாரணம். வாங்கிய அன்று யூடியூப் நன்றாக ஓடும். ஆனால் செயலிகள் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போகின்றன, டிவியின் நினைவகமோ வளர்வதில்லை. மூன்று நான்கு வருடங்களில் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டி வரும். ரமழானில் ஹரம் ஷரீபிலிருந்து தராவீஹ் நேரலை பார்க்க உம்மா ஆசையோடு உட்காரும்போது அது சுற்றிக்கொண்டே நிற்கும். விலை கூடியவற்றில் நினைவகம் கூட, மென்பொருள் இற்றைப்படுத்தலும் பொதுவாகக் கூடிய காலத்துக்கு வரும். ஆனால் அவையும் சாசுவதமல்ல. 2012 க்கும் அதற்கு முன்னும் வந்த பல ஸ்மார்ட் டிவிகளில் யூடியூப் செயலி 2015 இல் நின்றுபோனது. 2010, 2011 காலத்துச் சில செம்சுங் டிவிகளில் நெட்பிளிக்ஸ் 2019 டிசம்பரில் நின்றது. திரை பத்து வருடம் உழைக்கலாம், ஸ்மார்ட் அவ்வளவு உழைக்காது. அதனால் ஸ்மார்ட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. நாளைக்கு வேகம் குறைந்தால் எச்.டி.எம்.ஐ. துளையில் கூகுள் அனுமதி பெற்ற ஒரு சிறிய ஸ்டிக்கைச் செருகிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. 2018 பெப்ரவரியில் ஷியோமி நிறுவனம் இந்தியாவில் 55 இஞ்ச் டிவியை 39,999 இந்திய ரூபாவுக்கு இறக்கியபோது சந்தையே அதிர்ந்தது. அதே வருடம் ஏப்ரலில், சாதனங்களை விற்பதில் தமது நிகர இலாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று அந்நிறுவனம் பகிரங்கமாக அறிவித்தது. பிறகு எப்படிப் பிழைப்பது? டிவிக்குள் ஓடும் சேவைகளாலும் விளம்பரத்தாலும். இதை இலக்கத்தோடு காட்டுவது அமெரிக்காவின் விசியோ நிறுவனத்தின் கணக்கு. 2021 இன் மூன்றாம் காலாண்டில் அது டிவி போன்ற சாதனங்களை விற்றுப் பெற்ற மொத்த இலாபத்தைவிட விளம்பரம், தரவு போன்றவற்றால் பெற்றது இரு மடங்குக்கும் அதிகம். அதற்கு முன்னரே, 2017 இல், ஒரு கோடியே பத்து இலட்சம் டிவிகளில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதைப் போதிய அனுமதியின்றி வினாடிக்கு வினாடி சேகரித்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள அந்நிறுவனம் 22 இலட்சம் டொலர் செலுத்த வேண்டி வந்தது. திரையில் தெரியும் புள்ளிகளில் சிலவற்றைக் கைரேகை போல எடுத்து, இது இன்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் அது.

எங்களுக்கு இதில் ஒரு விசித்திரமான நிலை. அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் பார்வைக்கு விளம்பரதாரர் கொடுக்கும் பெறுமதியை முல்லைத்தீவுக் குடும்பத்தின் பார்வைக்குக் கொடுக்கமாட்டார். ஆகவே அந்த வழியில் வரும் விலைக்குறைப்பு எமக்குப் பெரிதாகக் கிடைப்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் மென்பொருள் மட்டும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. விலை கூடிய டிவிகளும் இதில் சளைத்தவை அல்ல. செம்சுங் டிவியில் "வியூவிங் இன்போர்மேஷன் சேர்விசஸ்", எல்.ஜி. டிவியில் "லைவ் பிளஸ்" என்ற தெரிவுகளைத் தேடி நிறுத்திவிடுங்கள்.

இதைவிடப் பாரதூரமானது அனுமதியற்ற ஆண்ட்ரொய்ட். எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆண்ட்ரொய்ட் மென்பொருளைப் போட்டு, கூகுளின் பரிசோதனைக்கு அனுப்பாமலே விற்கும் டிவிகளும் டிவி பொக்ஸ்களும் உண்டு. அந்தப் பரிசோதனைச் செலவும் விலையில் குறைகிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. "பேட்பொக்ஸ் 2.0" பற்றி எச்சரித்தது. இவ்வாறான ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் தீங்கான மென்பொருளோடு இயங்கியதாகக் கூகுள் அடுத்த மாதம் தொடுத்த வழக்கில் கூறியது. சில சாதனங்களில் பெட்டியைத் திறக்கும் முன்பே அந்த மென்பொருள் இருந்திருக்கிறது. வேறெங்கோ இருக்கும் மோசடிக்காரன் உங்கள் வீட்டு இணைய இணைப்பின் ஊடாகத் தன் காரியத்தைச் செய்வான், நீங்கள் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடையில் டிவியைப் போடச் சொல்லி, கூகுள் பிளே ஸ்டோர் இருக்கிறதா, "கூகுள் டிவி" அல்லது "ஆண்ட்ரொய்ட் டிவி" என்ற சின்னம் தெரிகிறதா என்று பாருங்கள். வேறு ஏதோ ஒரு பெயரில் செயலிக் கடை இருந்து, அங்கே எல்லாக் கட்டணச் சனல்களும் இலவசம் என்று விற்பனையாளர் சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். டி.சி.எல்., ஹைசென்ஸ் போன்றவையும் விலை குறைந்தவைதான், ஆனால் அனுமதி பெற்ற டிவிகளை விற்கின்றன. செம்சுங்கும் எல்.ஜி.யும் ஆண்ட்ரொய்ட் அல்லாத சொந்த மென்பொருளைப் பயன்படுத்துவதால் அவற்றுக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது.

வரியும் இடைவெளியை அகலமாக்குகிறது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். வரிக்கு முன் இரண்டு டிவிகளுக்கு இடையில் 40,000 ரூபா வித்தியாசம் என்றால், வற் மட்டும் அதில் இன்னும் 7,200 ரூபாவைச் சேர்க்கும். தவணைக்கு எடுப்பவர் மாதக் கட்டணத்தைப் பார்க்காமல் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் கொழும்பில் இருப்பவருக்கும் பொருந்தும். வன்னியில் இருப்பவருக்கு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று மின்சாரம். ட்ரான்ஸ்போமருக்கு வெகு தூரத்தில் உள்ள கிராமங்களில் தோட்டத்து மோட்டர்கள் ஓடும் நேரம் வோல்ட்டேஜ் இறங்கும். மின்சாரம் நின்று திரும்ப வரும் கணத்தில் ஒரு தள்ளல் வரும். 2025 பெப்ரவரி 9 இல் நாடே இருளில் மூழ்கி, பிறகு விட்டு விட்டு மின்சாரம் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சில மலிவு டிவிகளில் செலவைக் குறைக்கும் இடங்களில் ஒன்று, இவ்வாறான அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய மின்வழங்கிப் பலகை. ஒரு நல்ல சேர்ஜ் பாதுகாப்புப் பிளக்கின் விலையையும் டிவி விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கினால் அந்தப் பிளக்கும் போதாது. மின் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். பலர் முதலாவதை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மின்னல் மற்ற வழியாலும் வரும்.

இரண்டாவது தூரம். உத்தரவாத அட்டையில் "3 வருடம்" என்று இருக்கும். அந்த மூன்று வருடமும் யார், எங்கே திருத்துவார்கள் என்பது அட்டையில் தெளிவாக இருக்காது. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பொறுப்பேற்கும் இடம் இருந்தால் சரி. "கொழும்புக்கு அனுப்ப வேணும்" என்றால், முள்ளியவளையிலிருந்தோ நாச்சிக்குடாவிலிருந்தோ கண்ணாடித் திரையை வண்டியேற்றிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அலைச்சலும் உங்களுடையது. திரைக்கு எத்தனை வருடம், மற்றப் பாகங்களுக்கு எத்தனை வருடம் என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. பெயர் தெரியாத டிவிக்கு மூன்றாம் வருடத்தில் பலகை கிடைக்குமா என்பதைக் கடைக்காரரைவிட உங்கள் ஊர் டிவி திருத்துபவர் நன்றாக அறிவார். வாங்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குக் காசு இல்லை.

ஆகவே அந்தப் பெற்றோருக்கு நான் எழுதும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 32 இஞ்ச் என்றால் மலிவானதையே எடுங்கள், கூகுள் அனுமதி பெற்றதாக, பக்கத்து நகரத்தில் திருத்தித் தரக்கூடியதாகப் பார்த்து எடுங்கள். 50 இஞ்ச்சுக்கு மேல் என்றால் பெயர் தெரியாததை எடுக்க வேண்டாம், பணம் போதாவிட்டால் ஓர் அளவு குறைந்ததை நல்ல நிறுவனத்தில் எடுங்கள்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து, டிவியைப் போட்டு, முழு வெள்ளையாக ஒரு படத்தைக் காட்டச் சொல்லுங்கள். கறுப்புப் புள்ளியோ மஞ்சள் திட்டோ இருந்தால் அப்போதுதான் தெரியும். கொண்டுபோகும்போது நிமிர்த்தியே வைக்க வேண்டும், படுக்க வைத்தால் ஏ9 இல் வராத வெடிப்பு உள்வீதிக் கிடங்கில் வந்துவிடும். பற்றுச்சீட்டைக் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கடைகளில் தரும் பளபளப்பான தாளில் எழுத்து ஒரு வருடத்துக்குள்ளேயே மங்கிவிடும். உத்தரவாதக் காலத்துக்குள் கடைக்காரர் கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அப்போது முதலில் கேட்பது அந்தப் பற்றுச்சீட்டைத்தான்.