காற்றாடி மேடு
கேஸ் ஒர்க்ஸ் பூங்கா, சியாட்டில்

நீங்கள் நிற்கும் இந்த மேடு மனிதர்கள் குவித்தது. 1906 முதல் 1956 வரை இங்கே நிலக்கரியிலிருந்தும் பிற்பாடு எண்ணெயிலிருந்தும் நகரத்துக்கு எரிவாயு எடுத்தார்கள். தாரும் பென்சீனும் மண்ணில் ஊறின.

ஆலையின் துருப்பிடித்த கோபுரங்களை இடித்துவிடலாம் என்றே பலரும் நினைத்தார்கள். பூங்காவை வடிவமைத்த ரிச்சர்ட் ஹாக் விடவில்லை. கட்டட இடிபாடுகளைக் குவித்து, மேலே நல்ல மண் போர்த்தி இந்த மேட்டை எழுப்பினார். மற்ற இடங்களில் கழிவுநீர்க் கசடையும் மரத்தூளையும் மண்ணோடு கலந்து உழவைத்தார். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு அது தீனி. மண்ணை அள்ளி வேறு ஊர் தலையில் கொட்டாத வழி, ஆனால் மெதுவானது.

பூங்கா 1975இல் திறந்தது. 1984இல் மண் சோதனைக்காகச் சிலகாலம் மூடினார்கள். பூங்காவை ஒட்டிய யூனியன் ஏரியின் அடிச்சேற்றில் நஞ்சு இன்னும் தீரவில்லை. புல்லில் உருளலாம், தண்ணீரில் இறங்காதீர்கள்.