நள்ளிரவில் காணாமல் போனது எது?

2016 நவம்பர் 8 நள்ளிரவு தாண்டியதும் இந்திய அரசின் அறிவிப்பால் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 விழுக்காடு அவை. அந்த ஆயிரம் ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதே பருத்தித் தாள், அதே நீர்க்குறி, பின்பக்கம் தமிழிலும் அச்சிட்ட அதே 'ஆயிரம் ரூபாய்'. மையில் ஒரு புள்ளி அழியவில்லை, எடையில் ஒரு மில்லிகிராம் குறையவில்லை. ஆனாலும் மறுநாள் காலை மளிகைக் கடைக்காரர் அதை வாங்கமாட்டேன் என்றார். ஒன்று காணாமல் போனது என்றால், அதற்குமுன் அது இருந்திருக்க வேண்டும். தாளிலோ மையிலோ இல்லாத அந்த ஒன்றைத்தான் பருப்பொருள் அல்லாதது என்கிறேன். அதை ஒத்துக்கொள்ள ஆன்மாவையோ ஆவியையோ நம்பவேண்டிய அவசியமில்லை.

அந்த ஒன்று, அதாவது மதிப்பு, மனிதர்களின் மூளைக்குள் இருக்கிறது, மூளையும் பொருள்தானே என்பார்கள். வலுவான வாதம்தான். ஆனால் அன்று அறிவிப்பு வருமுன்பே தூங்கிப்போனவரின் மூளையில் எதுவும் மாறவில்லை. அவர் தலையணைக்கடியில் இருந்த நோட்டும் செல்லாக்காசுதான். ஊரே நம்பி வாங்கிய கள்ளநோட்டு, ஊரே நம்பியதால் நல்ல நோட்டு ஆகிவிடுவதில்லை. ஆக, எந்தத் தனி மூளைக்குள்ளும் அதைப் பூட்டிவைக்க முடியாது. பசிபிக் கடலில் உள்ள யாப் தீவுக்காரர்கள் பலாவு தீவிலிருந்து வட்டக் கற்களை வெட்டிப் படகில் கொண்டுவந்து செல்வமாக வைத்திருந்தார்கள். வழியில் கடலில் மூழ்கிப்போன ஒரு கல்லையும் அதன் உடைமைக் குடும்பத்தின் சொத்தாகவே ஊர் ஏற்றுக்கொண்டது. தலைமுறைகளாக யாரும் பார்க்காத கல் அது. மனிதரே இல்லாவிட்டால் பணம் ஏது என்று கேட்கலாம். உண்மைதான். தாயில்லாமல் பிள்ளை இல்லை. அதற்காகப் பிள்ளையே தாய் ஆகிவிடுமா?

எண்கள் இருக்கின்றனவா, சட்டம் இருக்கிறதா என்றெல்லாம் இதையே நீட்டிக்கொண்டு போகலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பொருள் உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். குடம் விரிசல் விட்டால் தண்ணீர் ஒழுகும். பருப்பொருள் அல்லாதவை உடைந்தாலோ வைத்திருப்பவருக்குச் சத்தமே கேட்பதில்லை. 2019-ல், அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, திருப்பூர்ப் பக்கம் மூதாட்டிகள் இருவர் சேர்த்து வைத்திருந்த பழைய நோட்டுகள் வெளியே வந்தன. வைத்தியத்துக்கும் இறுதிக் காரியத்துக்கும் என்று எடுத்துவைத்த பணம். வங்கியில் கட்டுவதற்கான கெடு 2016 டிசம்பர் 30-லேயே முடிந்திருந்தது. கையில் இருப்பதை மட்டும் நம்பியவர்கள் அவர்கள். கையில் இருந்தது எதுவும் குறையவுமில்லை. இப்போது அந்தத் தாளும் இல்லாமல், முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஓர் எண்ணாக ஏறுகிறது. அது வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள, பேரன் பள்ளி விட்டு வந்து கைப்பேசியைத் திறக்கும்வரை பாட்டி திண்ணையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.